முதலில் பஞ்சிகாவத்தை, அப்புறம் கார்: கொழும்பில் பாவித்த செஃபிரோ வாங்க நினைப்பவர்களுக்கு

கொழும்பில் முதல் கார் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: டொயோட்டா எடு, இல்லாவிட்டால் சுசுகி எடு. தப்பான புத்திமதி இல்லை. எந்தச் சந்தியில் நின்றுபோனாலும் திருத்த ஒரு பாஸ் (மெக்கானிக்) கிடைப்பார், விற்கும்போது கையைக் கடிக்காது. ஆனால் எல்லோரும் அதே புத்திமதியைக் கேட்பதால்தான் ஒரு பழைய டொயோட்டா அலியனுக்கு அவ்வளவு விலை சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறிய விலை லேசில் இறங்குவதாக இல்லை.

இந்தச் சந்தையில் ஒரு மூலையில் நிசான் செஃபிரோ ஏ33 நிற்கிறது. 1998 கடைசியில் ஜப்பானில் வெளிவந்தது. 2003இல் டியானா வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெளிநாடுகள் சிலவற்றில் இதே கார்தான் மெக்சிமா. கிட்டத்தட்ட 4.8 மீட்டர் நீளம், இரண்டு லீட்டர் வி6 எஞ்சின், 160 குதிரை வலு, நாலு கியர் ஒட்டோ. பின் சீட்டில் அம்மா, அப்பா, பாட்டி மூவரும் முழங்கால் இடிக்காமல் உட்காரலாம். பாவித்த சுசுகி வேகன் ஆர் ஒன்றின் விலைக்குக் கீழேயே நல்லதொன்று அகப்படும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் வாங்கவில்லை? கணக்கைப் பார்த்தால் தெரியும். கொழும்பு ட்ரஃபிக்கில் இது லீட்டருக்கு 6, 7 கிலோமீட்டர்தான் ஓடும். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 150 லீட்டர் வேண்டும். லீட்டர் 300 ரூபா என்று வைத்தால் 45,000. லீட்டருக்கு 15 ஓடும் ஒரு சின்னக் காருக்கு இதே தூரத்துக்கு 20,000 போதும். மாதம் 25,000 வித்தியாசம், வருடத்துக்கு மூன்று இலட்சம். தினமும் கடவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். வாரக் கடைசியில் ஓட்டுகிறவர், மாதத்தில் ஒரு தடவை யாழ்ப்பாணமோ கண்டியோ போகிறவர், வீட்டுக்குக் கிட்டவே வேலை உள்ளவர், இவர்களுக்குத்தான் கணக்கு சரிவரும். நீண்ட பாதையில் இதே கார் இன்னும் நிதானமாகக் குடிக்கும். அந்த வி6 அதிராமல் இழுப்பதை ஒரு தடவை அனுபவித்தவர் அப்புறம் மூன்று சிலிண்டருக்கு இறங்குவது கஷ்டம். இது என் அபிப்பிராயம், மனைவியிடம் காட்டி வாதாட வேண்டாம்.

காரைப் பார்க்கும் முன் பாகங்களைப் பாருங்கள்

வீதியில் அதிகம் காணாத மொடல் ஒன்றை வாங்குகிறவர்கள் வழமையாக வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். இக்மன், ரியாசேவன மாதிரி விளம்பரத் தளங்களில் படம் பார்த்து மயங்கி, அட்வான்ஸ் கொடுத்து, வாங்கி, அது நின்ற பிறகுதான் மருதானைப் பக்கம் பாகம் தேடி அலைகிறார்கள். நீங்கள் முதலில், வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். காரில்லாமல், பஸ்ஸில் போவது உத்தமம், அங்கே பார்க்கிங் தேடுவதே தனி வேலை. சனிக்கிழமையை விட்டு வார நாள் ஒன்றில் காலையில் போனால் கடைக்காரர் நின்று பேசுவார்.

ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போக வேண்டியவை: இக்னிஷன் கொயில், எயார் ஃப்ளோ சென்சர், ரேடியேட்டர், எஞ்சின் மவுண்ட், லோவர் ஆர்ம், ஸ்டியரிங் ரேக், ஏசி கம்ப்ரசர், முன் லைட் இரண்டு பக்கமும், சைட் மிரர். ஒவ்வொன்றுக்கும் புதியது, ரீகண்டிஷன் இரண்டுக்கும் மூன்று கடையில் விலை கேளுங்கள். "இருக்கு" என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "எடுத்துத் தரலாம்" என்பது வேறு, "இருக்கு" என்பது வேறு. அங்கே இதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

நல்ல கடைக்காரர் முதலில் கேட்பது "தம்பி, செசி நம்பர் என்ன?" என்றுதான். ஜப்பானிலிருந்து வந்த 2.0 கார்களின் செசி இலக்கம் ஏ33 என்று தொடங்கும், 2.5 கார்களுக்கு பிஏ33. அந்த 2.5 எஞ்சின் நேரடி இன்ஜெக்ஷன் வகை. அதன் ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டரும் தேடுவது தனித் தலைவலி, அதோடு அது உயர்ந்த ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்த எஞ்சின். புதிதாக வருகிறவர் 2.5ஐத் தொடவே வேண்டாம். 2.0க்கு 92 போதும்.

பொதுவாக நீங்கள் காணப்போவது இதுதான். எஞ்சின், சஸ்பென்ஷன் சாமான்கள் ஏதோ ஒரு கடையில் கிடைக்கும். பொடி (காரின் வெளி உடல்) சாமான்கள்தான் இல்லை. பம்பர், முன் லைட், கதவின் மோல்டிங் இவை உடைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே காரைப் பார்க்கும்போது எஞ்சினில் சின்னக் குறை இருந்தாலும் பொடி முழுதாக இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். டொயோட்டா வாங்குகிறவருக்குச் சொல்லும் புத்திமதிக்கு இது நேர் எதிர்.

அடுத்தது பாஸ். சந்திக் கராஜில் "எல்லாம் செய்வோம்" என்பவர் வேண்டாம். நிசான் வி6 கழற்றிப் பூட்டியவரைத் தேடுங்கள். அவரிடம் ஒரே கேள்வி போதும்: "பின் பக்க மூன்று கொயிலை மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?" எஞ்சின் குறுக்காக இருக்கிறது, பின் பக்க சிலிண்டர்கள் மூன்றும் ஃபயர்வோலை ஒட்டியவை, கை நுழையவே இடம் குறைவு. தெரிந்தவர் பெருமூச்சு விடுவார். தெரியாதவர் அரை மணித்தியாலம் என்பார். காரின் கம்ப்யூட்டரில் பதிந்த குறைகளைப் படிக்க என்ன ஸ்கேனர் வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். இந்த வயதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் பேசாது, நிசானின் சொந்த ஸ்கேன் முறையான கன்சல்ட் இணைப்பு உள்ளவர் வேண்டும்.

விலைப் பட்டியலும் பாஸும் கையில் வந்தாயிற்றா? சரி, இப்போது விளம்பரங்களைத் திறக்கலாம்.

புத்தகம்

எஞ்சினைத் திறக்கும் முன் புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றிதழை, திறக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் உங்கள் முன் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா? ஒன்றில்லை என்றால் "ஓப்பன் பேப்பர் இருக்கு, பிரச்சினையில்லை" என்பார். பிரச்சினை இருக்கிறது. யாரோ ஒருவர் எப்போதோ கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் அது. அவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்தே போயிருக்கலாம், கையெழுத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். இந்த வயதுக் கார்கள் நாலைந்து கை மாறியவை. பெயர் மாற்றாமலே மூன்று கை மாறியதும் உண்டு. எவ்வளவு மலிவாக இருந்தாலும், பதிவு உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்து வைக்காத காரை விட்டுவிடுங்கள்.

சான்றிதழில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனி அல்லது வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும்வரை காசு கொடுக்கக் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைக் கொடுத்தும் இதைப் பார்க்கலாம்.

பிறகு பொனட். செசி இலக்கம் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வோல் தகட்டில் அடித்திருக்கும். டோர்ச் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். சுற்றிலும் வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ரோ இருந்தால் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே. பழைய எஞ்சின் பழுதாகி ரீகண்டிஷன் எஞ்சின் போட்ட செஃபிரோக்கள் உண்டு. போட்டது தப்பில்லை, அதைப் புத்தகத்தில் பதியாமல் விட்டதுதான் தப்பு. நிறமும் புத்தகத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் ஒரு காலை

காலையில் வருவேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்.

ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்யலாம். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிந்த கூலண்ட் இருந்தால் நல்ல வீட்டுக் கார். தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் வருடக்கணக்காகப் பைப் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், உள்ளே துரு. பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் பேச்சையே நிறுத்துங்கள். கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளே ஓடுகிறது. அது உடைந்தால் தண்ணீர் கியர்பொக்ஸுக்குள் போகும், கியர்பொக்ஸ் முடிந்தது.

முன் பக்கக் கொயில்களில் ஒன்றைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. குழிக்குள் ஒயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் சீல் போய்விட்டது. அந்த ஒயில் கொயிலின் ரப்பரை ஊறவைத்து, மிஸ்ஃபயர் கொடுக்கும், அதாவது அந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் விக்கும். பெரிய குறை இல்லை, ஆனால் முன் பக்கம் இப்படியென்றால் பின் பக்கத்தையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

இப்போது சாவியை ஓன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேஷ்போர்டில் 'ஓ/டி ஓஃப்' என்ற சின்ன லைட் ஓரிரு செக்கன் எரிந்து அணைய வேண்டும். விட்டு விட்டு மின்னினால் கியர்பொக்ஸ் கம்ப்யூட்டர் ஒரு குறையைப் பதிந்து வைத்திருக்கிறது. லைட்டே வரவில்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றிவிட்டார்கள். செக் எஞ்சின் லைட்டுக்கும் எயார்பேக் லைட்டுக்கும் இதே பரீட்சை.

ஸ்டார்ட் பண்ணியதும் காது கொடுங்கள். இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஒரு கணம் கிலுகிலுத்து அடங்கினால் பரவாயில்லை. தொடர்ந்து கிலுகிலுத்தால் ஒயில் மாற்றாமல் ஓட்டிய கார். சூடான பிறகு ஐட்லிங் ஏறி இறங்கி ஊசலாடுகிறதா என்றும் கவனியுங்கள். ஏ33 குடும்பத்தில் ஐட்லிங் வால்வுக்குள் கூலண்ட் கசிந்து, அது ஷோர்ட் ஆகி, எஞ்சின் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோன கதைகள் உலகம் முழுக்க உண்டு. பிரேக்கை மிதித்து 'டி'யில் போட்டதும் ஸ்டியரிங் நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் போய்விட்டது.

கொழும்புக்கே உரிய இரண்டு விஷயம். ஒன்று உப்புக் காற்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைக் கடற்கரை ஒழுங்கைகளில் வெளியே நிறுத்திய கார்களில் துரு கதவின் அடியிலும், வீல் ஆர்ச்சிலும், பிரேக் குழாயிலும், சொக் மேலே பூட்டும் இடத்திலும் தொடங்கும். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் கீழே குனிந்து பாருங்கள். மற்றது வெள்ளம். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ, அதற்குப் பிறகும் வெள்ளம் வந்துதான் இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுற்றியிருக்கும் பாகத்தில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டின் தண்டவாளம், ஸ்பெயார் வீல் குழி இரண்டையும் பாருங்கள். மூக்குக்கும் வேலை கொடுங்கள். ஏசி வென்டிலிருந்து பழைய பாய் மாதிரி ஒரு வாடை வந்தால் சந்தேகப்படலாம்.

ஓட்டிப் பார்ப்பது

ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது ஓட்டிப் பார்ப்பதல்ல. இரண்டு பாதை வேண்டும்.

முதலில் ஊர்ந்து போகும் பாதை. மாலை நேர காலி வீதியோ பேஸ்லைன் வீதியோ, எதுவானாலும் சரி, ஏசியை முழுதாகப் போட்டு அரை மணித்தியாலம் ஊருங்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே நின்று அசையக் கூடாது. மெதுவாக மேலே ஏறினால் ஃபேன் அல்லது ரேடியேட்டர். வி6இல் இரண்டு சிலிண்டர் ஹெட் இருக்கிறது, இரண்டும் அலுமினியம். ஒரு தடவை கொதித்தால் செலவும் இரட்டை. ஏசி இந்த நேரம் முழுக்க ஒரே குளிரைத் தர வேண்டும். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் ஏசி வேலை செய்யவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

அடுத்தது திறந்த பாதை. பேலியகொடையில் அதிவேகப் பாதையில் ஏறி ஜா-எலவில் இறங்குங்கள். உள்ளே நுழையும்போது ஒரே சீராக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். கியர் மாறுவது தெரியாமல் மாற வேண்டும். உதறி மாறினாலோ, எஞ்சின் கத்தி கார் பின்தங்கினாலோ கியர்பொக்ஸ். அழுத்தும்போது மட்டும் விக்கினால் கொயில் அல்லது எயார் ஃப்ளோ சென்சர், அவை பயப்பட வேண்டியவை அல்ல. இறங்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் ஒயில் குச்சியை எடுத்து வெள்ளைக் கடதாசியில் துடையுங்கள். சிவப்பு நல்லது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் வேண்டாம்.

உங்கள் பாஸைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் பாதி வேலை மிச்சம். அரை நாள் கூலி கொடுங்கள். விற்பவரிடமிருந்து அவருக்குக் கமிஷன் போகாமல் இருக்க அதுதான் வழி.

விலை

இங்கேதான் அந்தப் பஞ்சிகாவத்தைத் துண்டு வேலைக்கு வரும். "கொயில் மூன்று போயிருக்கு, மவுண்ட் ஒன்று போயிருக்கு, இவ்வளவு ஆகும்" என்று கடை விலையோடு சொன்னால் விற்பவர் வாயடைத்துப் போவார். இந்தக் காருக்கு வாங்குகிறவர் குறைவு என்பது அவருக்கும் தெரியும். வயது காரணமாக லீசிங் பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் சிறு தொகைதான். கைக்காசோடு வருகிறவருக்குப் பேரம் பேச இடம் உண்டு. முழுக் காசையும் காரில் போட வேண்டாம். முதல் வருடத்துக்கென்று விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது வேறாக வையுங்கள்.

கொடுத்து வாங்கும் நாளில் ஒப்பந்தத்தில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு முன் அடித்த தண்டப்பணம் அவருடையது, பின் அடித்தது உங்களுடையது. எம்டிஏ 6 படிவத்தில் இருவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, 14 நாளுக்குள் நாரஹேன்பிட்டவில் உள்ள திணைக்களத்தில் பெயர் மாற்றக் கொடுங்கள். பிந்தினால் தண்டம்.

காப்புறுதியில் ஒரு விஷயம் மட்டும். பழைய காருக்குப் பாகம் மாற்றினால் தேய்மானம் என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பார்கள், முன் கண்ணாடிக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பதைக் கையெழுத்து வைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். லைட் கிடைக்காத காருக்கு இது சின்ன விஷயமல்ல.

முதல் மாதம்

விற்பவர் "போன மாதம்தான் சேர்விஸ்" என்று சொன்னாலும் எல்லாத் திரவத்தையும் மாற்றுங்கள். எஞ்சின் ஒயில் கிட்டத்தட்ட நாலு லீட்டர் பிடிக்கும். அப்புறம் 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் செயின் நீண்ட நாள் பேசாமல் கிடக்கும். கூலண்டை முழுதாக வடித்து, உள்ளே காற்று நிற்காமல் நிரப்பச் சொல்லுங்கள். பிரேக் ஒயில், ஸ்டியரிங் ஒயில் அப்படியே. கியர் ஒயில் மட்டும் வேறு முறை. நீண்ட நாள் ஒயில் மாற்றாத கியர்பொக்ஸை மெஷின் வைத்துக் கழுவ விடாதீர்கள். அடியில் வடிவதை மட்டும் வடித்து அதே அளவு ஊற்றி, சில வாரம் ஓட்டி, மறுபடி அதையே செய்வதுதான் பாதுகாப்பு.

எஞ்சினின் பின் பக்கம் திறக்கிற அன்றைக்கு மூன்று ப்ளக், வால்வ் கவர் சீல் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கூலி ஒரு தடவையோடு போகும். நல்ல கொயில் ஒன்று பஞ்சிகாவத்தையில் கண்டால் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். யாழ்ப்பாணம் போகும் வழியில் மாங்குளத்தில் இரவு பத்து மணிக்கு அது உங்களைக் காப்பாற்றும்.

புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் இவற்றை முடித்துவிடுவது நல்லது. பெற்றோல் காருக்கு ஐட்லிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் அளப்பார்கள். ஒரு கொயில் விக்கினாலும் எரியாத பெற்றோல் புகையில் போய்க் கார் பரிசோதனையில் தோற்கும். நன்றாகச் சூடேறிய எஞ்சினோடு போங்கள், வரிசையில் நிறுத்திவைத்துக் குளிரவிட வேண்டாம். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம்.

பார்க்கிங் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் தூணிடுக்கு இடங்கள் இந்த நீளத்துக்குப் போட்டவை அல்ல. வாங்கும் முன் ஒரு அளவு நாடாவோடு கீழே இறங்கி உங்கள் இடத்தை அளந்து பாருங்கள். மூக்கு வெளியே நீண்டால் முதல் அடி முன் லைட்டுக்குத்தான்.

விற்க நினைக்கும் நாள் வந்தால் அவசரப்பட வேண்டாம், இதற்கு ஆள் வர மாதங்கள் ஆகும். பில்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தால் வருகிறவர் அதைப் பார்த்தே பாதி மனம் இறங்குவார். வாங்கியவர் பெயர் மாற்றுவார் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். எம்டிஏ 8 படிவத்தை நிரப்பி, காரை இன்னாருக்கு விற்றேன் என்று நீங்களே திணைக்களத்துக்கு அனுப்பி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.